கப்பல் ஏறிய மேடு

கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, ஐம்பதைத் தாண்டி, இப்போது படியேறும்போது கைப்பிடியைத் தேடுகிற என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்த மேட்டுப் பூங்காவின் சரிவு நினைவிருக்கிறதா? துறைமுகத்தைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்குமே, அது. தென்னை மட்டையில் குந்திக்கொண்டு, முன்னால் இருப்பவளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து வழுக்குவோம். முக்கால் தூரம் போனதும் நிலம் ஒருமுறை முதுகைக் கூனும். அந்தக் கூனலில் மட்டை தரையை விட்டுக் கிளம்பும். ஒரு மூச்சு நேரம்தான். அந்த மூச்சுக்குள் எல்லாரும் கத்துவோம்:

"கப்பல் ஏறுது! கப்பல் ஏறுது!"

பிறகு தரை வந்து புட்டத்தில் அறையும். புல்லின் பச்சைக் கறை பாவாடையில் ஒட்டும். வீட்டில் அதற்குத் தனியாக அடி விழும்.

வேறு ஊர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். கப்பல் கடலில் போகும், மனிதர்கள் கப்பலில் ஏறுவார்கள், கப்பல் எப்படி ஏறும் என்பார்கள். நமக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால், வெள்ளைக்காரன் ஒருவன் பறக்கிற இயந்திரம் ஒன்றை மரப்பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கி, அந்த மேட்டின் உச்சியில் பூட்டினானாம். மூங்கில் கீற்றைப்போல மெல்லிய சட்டங்கள், மேலே இழுத்துக் கட்டிய துணி, சுற்றிலும் கம்பி. பார்க்க வந்த சனத்துக்கு அதைச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆகாசக் கப்பல் என்றார்கள். ஆகாசத்தைத் தினமும் சொல்ல வாய் நொந்ததோ என்னவோ, அதை விட்டுவிட்டார்கள். கப்பல் மட்டும் நின்றது. அது எழுந்த சரிவு கப்பல் மேடு ஆயிற்று. அது எழுந்த நாள், கப்பல் ஏறின நாள்.

அந்த நாளில், அந்த மேட்டில், மாரா மரத்தடியில் பிறந்தவர் என் அப்பா.

அப்பாவின் அம்மா அங்கே புல் வெட்டும் கூலிப் பெண். நிறைமாதம். இயந்திரம் உறுமியபோது சரிவெங்கும் விளக்கெண்ணெய் வாடை எழுந்ததாம். அந்தக் காலத்து இயந்திரங்கள் அந்த எண்ணெயைத்தான் குடித்து எரித்துக் கக்கின என்று பிற்பாடு ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். கதையில் ஒரு துளியாவது நிசம். விளக்கெண்ணெய் குடித்தால் வலி எடுக்கும் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். மூக்கால் குடித்தே பெற்றுவிட்டாள் என்று தோட்டத்துப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தோட்டம் என்றால் பூவும் காயும் இல்லை. இரண்டு வரிசை அறைகள், நடுவில் சாக்கடை, முனையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். கொழும்பில் அதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்தவன் எந்தப் புண்ணியவானோ. அப்பா தன் பிறப்புக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் அம்மா குழாயடியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஆரம்பிச்சுட்டாரு. புள்ள, மூக்கப் பொத்திக்க. எண்ணெ வாடை அடிக்கும்."

"சிரிடி, சிரி. ராசா பொறந்தா பீரங்கி போடுவான். நான் பொறந்தன்னிக்கு ஆகாசத்துல கப்பல் ஏறிச்சு."

"ஏறின கப்பல் ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா, நான் வேற எவனையாச்சும் கட்டியிருப்பேன்."

அப்பாவும் அதே பூங்காவில்தான் கூலி. வீச்சுக் கத்தியால் புல் வெட்டுவார். வலமும் இடமுமாய் அவர் வீசும்போது ஈரப் புல் அறுபடுகிற சத்தத்தை என் காது இன்றும் தேடுகிறது. மாலையில் கழுத்தில் ஒரு பித்தளை விசில் தொங்கும். ஆறு மணிக்கு அதை ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பி வாசல் இரும்புக் கதவைச் சாத்துவார். நடுவில் ஒரு கடமை, யாரும் அவருக்குக் கொடுக்காதது. மாரா மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது. கல்லில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் இங்கிலீசில் நாலு வரி. இங்கே இன்ன நாள் இன்னது நடந்தது என்பது. அப்பாவுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அவர் பிறந்த நாள் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பழப்புளியும் செங்கல் தூளும் போட்டு அதைத் தேய்ப்பார், குத்துவிளக்கைத் தேய்ப்பதைப்போல. பிறகு சந்தனம், நடுவில் குங்குமம். வெயிலில் அது எரியும். இரத்மலானைக்குப் போகிற விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது நாங்கள் ஓடிப் போய்ப் பார்ப்போம். அப்பா நிமிரமாட்டார். "அதெல்லாம் பஸ்ஸு. நம்மளுதுதான் கப்பல்" என்பார்.

எனக்குப் பத்து வயது நடந்த அந்தப் பருவத்தில்தான் கடதாசி வந்தது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள், பழுப்பு உறை. சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடு தன் பிள்ளைகளை எண்ணத் தொடங்கி, இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளான எங்களிடம் வந்ததும் விரலை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எங்களுக்கு இங்கே இருக்க உரிமை உண்டா இல்லையா என்பது அப்பா எங்கே பிறந்தார் என்பதில் தொங்கியது. இங்கேதான் பிறந்தார் என்று காட்டினால் வேலை நிற்கும், அறை நிற்கும், என் பள்ளிக்கூடம் நிற்கும். காட்டாவிட்டால் அப்பா பார்த்தேயிராத ஓர் ஊருக்குப் போக வேண்டும். அவருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. மரத்தடியில் பெற்ற கூலிப் பெண் யாரிடம் போய்ப் பதிவாள்? நாள் குறித்து விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா பயப்படவில்லை. அதுதான் இன்றைக்கு என்னை வதைக்கிறது. "ஊருக்கே தெரியும்" என்றார். "கப்பல் ஏறின அன்னிக்குப் பொறந்தவன்னு சொன்னா முடிஞ்சுது."

ஒரு சாட்சி வேறு இருந்தார். தினமும் காலையில் பூங்காவின் பச்சை வாங்குப் பலகையில் வந்து குந்துகிற பறங்கி ஐயா. வெள்ளைக்கார வழி கலந்த குடும்பத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். தொப்பி, கைத்தடி, பையில் காகங்களுக்கு ஒரு பாண் ரொட்டித் துண்டு. சின்னப் பையனாக இருந்தபோது கப்பல் ஏறியதை நேரில் பார்த்தவர் என்று பெயர். ஆனால் அவருடைய குடும்பமே அவுஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடம் பறங்கிகளெல்லாம் பியானோக்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்கு இரண்டு கிழமை முன்னால் அவர் விடைபெற வந்தார்.

அப்பா துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயா, நீங்க இருந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா நல்லாருக்கும்."

"எப்படி மேன்? கப்பல் நமக்கு வெய்ட் பண்ணுமா?"

"நீங்க பாத்தீங்கதானே ஐயா? கப்பல் ஏறினத?"

பறங்கி ஐயா சரிவைப் பார்த்தார். பாண் துண்டைக் கிள்ளிக் காகத்துக்கு எறிந்தார். "பாத்தது மேன். அன்னைக்கு எல்லாம் பாத்தது" என்று சொல்லி அப்பாவின் தோளைத் தட்டினார். சிகரெட் பெட்டியின் உட்தாளில் மகளின் விலாசத்தை எழுதி என்னிடம் தந்தார். எல்லாம் பாத்தது என்றாரே தவிர, எதைப் பார்த்தது என்று அவர் சொல்லவில்லை. பத்து வயதில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு நாற்பத்தைந்து. அவருக்கும் தெரியவில்லை.

விசாரணை நாளன்று அம்மா முன்வீட்டுக்காரரின் கோட்டை இரவல் வாங்கி வந்தாள். பாச்சை உருண்டை வாடை. கை விரல் நுனிவரை மூடியது. அப்பா விசிலை அதன் பைக்குள் போட்டுக்கொண்டார், எதற்கென்று கேட்கவில்லை. என்னைப் பள்ளிச் சீருடையில் கூட்டிப் போனார். எங்கள் வரிசையில் இங்கிலீசு படிக்கிற ஒரே ஆள் நான். டிராமில் போகும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்:

"அவங்க எழுதுறது எனக்கு வெளங்காது புள்ள. நீ காதக் குடுத்துக் கேளு. சரியா இருந்தா தலைய ஆட்டு. தப்பா இருந்தா என் கோட்டப் புடிச்சு இழு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுப்பா."

நீண்ட அறை. மின்விசிறி ஒன்று கழுத்து வலிக்காரனைப்போல மெல்லத் திரும்பியது. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, அவருக்குத் தமிழ் இல்லை. பக்கத்தில் மொழிபெயர்க்கிற முதலியார், அது அந்த உத்தியோகத்தின் பெயர். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு, பையில் இரண்டு பேனா. யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் வீடு. தமிழ் முகத்தைக் கண்டதும் அப்பா குளிர்ந்துபோனார். நானும்தான்.

"பயப்பிடாமச் சொல்லும்" என்றார் முதலியார். "எங்கை பிறந்தனீர்?"

"கப்பல் மேட்டுல சார்."

"கப்பல் மேல்தட்டிலயோ?"

"ஆமா சார். மேட்டுலதான்."

முதலியாரின் புருவம் மெல்ல ஏறியது. குரலில் இரக்கம் வந்தது. "எப்ப?"

"கப்பல் ஏறின அன்னிக்கே பொறந்துட்டேன் சார். அம்மாவுக்கு வலி கண்டுருச்சு."

"ஐயோ பாவம். தாய் தேப்பன் எந்தத் துறையில கப்பல் ஏறினவை?"

இங்கே அப்பா கொஞ்சம் தயங்கினார். கேள்வி எங்கேயோ வேறு பக்கம் தாவிவிட்டது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஆனால் சாரிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. அவருடைய தாய் தகப்பன் கூலிக்கு வந்தது தூத்துக்குடியிலிருந்து, அவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். கேட்டதற்குப் பதில் சொன்னார். "தூத்துக்குடி சார்."

இரண்டு தமிழர்கள் ஒரே தமிழில் பேசினார்கள். ஒரு சொல்லும் தவறவில்லை.

முதலியார் அதிகாரி பக்கம் திரும்பி நல்ல இங்கிலீசில், ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோலச் சொன்னார். நான் காதைக் கொடுத்தேன். ஷிப் என்று கேட்டது. ஷிப் என்றால் கப்பல். கப்பல்தானே, சரி. மதர் என்று கேட்டது. சரி. தூத்துக்குடியின் இங்கிலீசுப் பெயர் ஏதோ ஒன்று கேட்டது. அப்பா சொன்னதுதானே. பிறகு அந்தச் சொல். எம்பார்க்ட். முன்னாலும் பின்னாலும் என்ன ஒட்டியிருந்ததோ எனக்குப் பிடிபடவில்லை, நடுவில் பார்க் இருந்தது. பார்க். எங்கள் பூங்கா. முதலியார் பூங்காவைச் சொல்லிவிட்டார்! கப்பல், அம்மா, பூங்கா. எல்லாம் வந்துவிட்டன.

தட்டச்சுக்காரர் அடித்து முடித்ததை முதலியார் உரக்க வாசித்தார். மறுபடியும் எம்பார்க்ட்.

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அது வேறொன்றாகிவிடும்.

நான் தலையை ஆட்டினேன். ஒரு தடவை இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று காட்ட மூன்று தடவை ஆட்டினேன். அப்பா கோட்டுக் கையை மடித்துவிட்டுத் தமிழில், எறும்பு ஊர்வதுபோல, தன் பெயரை எழுதினார்.

வெளியே வந்து எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். சிவப்பு நிறம். கையெல்லாம் வழிந்தது. "நல்ல மனுசன் அந்த முதலியாரு. என் அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டாரு பாத்தியா?" என்றார். வழி நெடுக அந்த விசிலை எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தார். அந்த மாலை பூங்காவை மூடும்போது வழக்கத்தைவிட நீளமாய் ஊதினார். கேட்டவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம்.

மழைக்காலம் முடிய அடுத்த பழுப்பு உறை வந்தது. வாசிக்க வேண்டியது நான்தான். அம்மா ஈரக் கையோடு, அப்பா கத்தியைத் தீட்டியபடி, அறை வாசலில். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்கிற முதல் வரியை நான் வாசித்தேன். அடுத்து, காரணம். தாய் தகப்பன் கப்பல் ஏறிய நாளில், கப்பலிலேயே பிறந்ததாக அவரே வாக்குமூலம் தந்திருக்கிறார். அதாவது, இந்த மண்ணில் பிறக்கவில்லை.

தாளில் அந்தச் சொல் இருந்தது. முதல் தடவையாக அதைக் கண்ணால் பார்த்தேன். பார்க்கின் முதல் எழுத்துக்குத் தடி கீழே இறங்கும். இந்த எழுத்துக்குத் தடி மேலே ஏறியிருந்தது. இங்கிலீசில் அவை இரண்டு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் நமக்கு ஒரே 'ப'தான். என் காது தமிழ்க் காது. அது ஒன்றையே கேட்டது. பள்ளி நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டி அர்த்தம் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. எம்பார்க்ட் என்றால் கப்பல் ஏறியது.

அப்பா என்னைக் கேட்டார் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியைச் சுவரில் சாத்தினார். குழாயடிக்குப் போய் ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"எம் மக பக்கத்துல நின்னா! அவ காதால கேட்டா! பார்க்குன்னுதான் எழுதினாங்க. பெறகு மாத்திப்புட்டானுங்க. அந்த யாழ்ப்பாணத்தான் மாத்திப்புட்டான்!"

தோட்டமே முதலியாரைத் திட்டியது. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், பத்து வயதுப் பிள்ளையை. "எம் புள்ள கரெக்டாத்தான் கேட்டா" என்றார். நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்தேன். அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார். கோட்டை இழுக்க மறந்த கை அவர் சட்டையை இறுக்கிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். அன்று சொல்லியிருக்கலாம், அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நாள் ஏற ஏறச் சொல் கனத்தது.

மேன்முறையீடு என்று ஒரு வழி இருந்தது. மனு எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கப்பல் எண்டு சொன்னது பிளேனைத்தான் எண்டு நான் எழுதலாம். ஆனால் எந்தத் திகதி? அது எழுத்தில வேணும்."

எழுத்தில்தான் இருந்ததே! அப்பாவின் முகம் விரிந்தது. ஒற்றை ரூல் தாளும் பென்சிலுமாய் இருவரும் மேட்டுக்கு ஓடினோம். தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாய் எழும் என்று பள்ளியில் காசை வைத்துச் செய்திருக்கிறேன். தேய்த்தேன். கரி பரவியது. முதல் வரியில் ஒரு பெரிய எழுத்தின் கால் தெரிந்தது. கீழே ஒரு வளைவு. திகதி இருக்க வேண்டிய இடத்தில் கரிதான், மழமழவென்று.

இருபது வருடத்து வெள்ளிக்கிழமைகள். பழப்புளி, செங்கல் தூள்.

அப்பா குனிந்து தகட்டைப் பார்த்தார். அது அவருக்கு அவர் முகத்தைக் காட்டியது. விரலால் தடவினார். "கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன்" என்றார். 

மிஞ்சியது சிகரெட் பெட்டியின் உட்தாள். கப்பல் ஏறிய திகதியும், மரத்தடியில் ஒரு பெண் பிள்ளை பெற்றதும் ஞாபகமிருந்தால் எழுதித் தரும்படி நானே என் இங்கிலீசில் பறங்கி ஐயாவுக்கு எழுதினேன். ஒவ்வொரு 'ப'வையும் இரண்டு தடவை பார்த்தேன். தபால் போனது. பதில் வரவில்லை. மேன்முறையீட்டின் தவணை தீர்ந்தது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இருக்க அனுமதித்த நாட்களும் தீர்ந்தன.

எனக்கு ஓர் அக்கா, வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தானுக்குக் குடியுரிமைக் கடதாசி உண்டு. சின்னவள் நான் அவளிடம் தங்கிப் படிப்பை முடிக்கட்டும், அதற்குள் பறங்கி ஐயாவின் பதில் வரும், அதைக் காட்டினால் நாங்கள் திரும்பி வந்துவிடலாம் என்று அப்பா தீர்த்தார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கத் தொடங்கினாள். 

மருதானை நிலையத்தில் தலைமன்னார் ரயில். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள், அரிசி மூட்டையின் சாக்கில் பாத்திரங்கள். அங்கிருந்து கப்பல். அம்மா பெட்டியின் மேல் குந்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மானம் ஒண்ணுதான் இதுவரைக்கும் கப்பல் ஏறாம இருந்துச்சு." அப்பா சிரிக்கப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். ஒப்படைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம், அவரும் கொடுக்கவில்லையாம். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே களவு. "பதில் வந்ததும் போடு புள்ள" என்றார். கார்ட் விசில் ஊதினார். அப்பாவின் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

அந்த விசிலை எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று எனக்குத் தெரியாது. இதையும் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அப்பா சொல்லி, யாரோ எழுதித் தந்து, மாதம் ஒரு கடிதம் வரும். இடம் வறட்சி, தண்ணீர் உப்பு, இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள். கடைசி வரி மட்டும் மாறாது: பறங்கி ஐயாவிடமிருந்து கடதாசி வந்துச்சா?

வந்தது. பத்து மாதம் கழித்து, கொட்டாஞ்சேனை விலாசத்துக்குப் போய், தபால்காரர் விசாரித்து, வெள்ளவத்தைக்கு வந்தது. நீல நிற மெல்லிய தாள். கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கல்லில் குந்தி வாசித்தேன். இங்கே காகம் இல்லை, வேறு பறவைகள் என்று எழுதியிருந்தார். திகதி ஞாபகமில்லை, தான் அப்போது மிகச் சின்னவன். மரத்தடியில் ஒரு பெண்ணைச் சுற்றிச் சேலை பிடித்து நின்றார்கள், அது ஞாபகம். உன் தகப்பனிடம் நேரில் சொல்ல மனம் வரவில்லை, மன்னித்துக்கொள். அந்த இயந்திரம் எழவே இல்லை. சரிவில் ஓடியது, கூனலில் ஒரு தரம் துள்ளியது, வேலியில் மோதி உடைந்தது. சனம் கைதட்டியது. பெரியவர்கள் அடுத்த நாளே பறந்தது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தகடு வைத்தவர்களும் கேட்டதைத்தான் எழுதினார்கள்.

ஒரு ரயில் என் முகத்தில் காற்றை அறைந்துவிட்டுத் தெஹிவளைப் பக்கம் போனது. நமது மட்டைகள் அந்தக் கூனலில் கிளம்பியது நினைவிருக்கிறதல்லவா? அவ்வளவுதான் அதுவும். ஒரு மூச்சு நேரம்.

பதினெட்டு வயதில் ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தையில் முதலியாரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கீரைக் கட்டு கை நழுவி விழ, எடுத்துக் கொடுத்தேன்.

"நீர் ஆற்றை மகள், பிள்ளை?"

சொன்னேன். கொட்டாஞ்சேனை, கப்பல் மேடு, புல் வெட்டுகிறவரின் மகள்.

அவர் கண்கள் கலங்கின. "ஓ, அந்தக் கப்பலில பிறந்த மனுசன்! நான் மறக்கேல்லை. அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பாள், நடுக்கடலில. உம்மடை தேப்பனுக்காக நான் வடிவாச் சொன்னனான், தெரியுமோ? என்னால ஏலுமானதைச் செய்தனான்."

"ஓம் ஐயா" என்றேன். அவர் தமிழிலேயே சொன்னேன். ஒரு தோட்டமே மண் தூற்றிய மனிதர். கீரைக் கட்டை அவர் பைக்குள் வைத்துவிட்டு வந்தேன். அங்கேயும் கோட்டை இழுக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகும் ஆறு வருடம் இருந்தார். நான் போய்ப் பார்க்க என்னிடம் எந்த நாட்டுக் கடதாசியும் இருக்கவில்லை. அது கிடைத்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அங்கேயும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தான் பிறந்த அன்று கப்பல் ஏறிய கதையைச் சொல்வாராம். விளக்கெண்ணெய் வாடை உட்பட. பிள்ளைகள் மேலே பார்ப்பார்களாம். கடைசிக் கடிதத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ. கடைசி வரி அதே வரி.

நானும் வழக்கமான பதிலை எழுதினேன். "இன்னும் வரல்லப்பா." தபாலில் போடுமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.